தாலிக்கொடியில் ஓர் ஊக்கு

ஜூன் 20, செவ்வாய்

இந்த டைரி நகைக்கடையில் இனாமாகக் கொடுத்தது. ஆறு மாதமாகப் பீரோவில் சும்மா கிடந்தது. பக்கம் வீணாகிறதே என்றுதான் எழுதுகிறேன். மனதில் உள்ளதைக் கொட்டுவதற்கு அல்ல. என் மனதில் அப்படி ஒன்றும் இல்லை.

என் பெயர் சங்கரவடிவு. வயது நாற்பத்திரண்டு. ஆரம்பப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். போன ஆவணியில் கல்யாணம் ஆனது. எனக்கு முதல் கல்யாணம், அவருக்கு இரண்டாவது. அவர் பெயர் தளவாய், கோவில்பட்டி பைபாஸில் பஞ்சர் கடை. முதல் சம்சாரம் இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் கிடைக்காமல், வயிற்றுப் பிள்ளையோடு போய்ச் சேர்ந்தாள். அவள் விட்டுப்போன மூத்த பெண் பிரவீணா, பிளஸ் டூ படிக்கிறாள். அவள் என்னை எந்த முறையும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அம்மா இல்லை, சித்தி இல்லை. "இந்தாங்க", "இங்க பாருங்க" என்று பஸ் கண்டக்டரிடம் சில்லறை கேட்பது போலப் பேசுவாள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

இன்று முதல் சம்சாரத்தின் நினைவு நாள். வருஷா வருஷம் இந்த நாளில் இவர் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுப்பார். இந்த வருஷமும் போனார். நல்ல காரியம்தானே, நான் ஏன் முகத்தைத் தூக்கப் போகிறேன்? மாதுளம்பழம் உரித்துக் கொடுத்தேன். கொஞ்சம் வேகமாக உரித்ததில் சுவரெல்லாம் தெறித்துவிட்டது.

ஜூன் 22, வியாழன்

காற்று பேய்க் காற்று. கொடியில் காய்ந்த துணியெல்லாம் பின்னால் காலி மனைக்குள் பறந்துவிட்டது. அங்கே முழுக்கச் சீமைக்கருவேலம். எடுக்கப் போன எனக்குச் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஒரு முள் ஏறியது. படியில் உட்கார்ந்து, தாலிக்கொடியில் கிடக்கும் ஊக்கை எடுத்து நானே கிண்டி எடுத்தேன். நல்ல ஆழம். ரத்தம் வந்தது.

நான் நொண்டியதைப் பார்த்து, மிச்சத் துணியை எடுக்கப் பிரவீணா போனாள். அவளுக்கும் ஒன்று ஏறியது. உட்காரச் சொல்லி அவள் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டேன். ஊக்கை முந்தானையில் ஒரு துடை துடைத்து, முள்ளின் இரண்டு பக்கமும் தோலை விலக்கி, நுனியைத் தூக்கி, ஒரே இழுப்பு. முள் எடுப்பதில் எனக்கு நல்ல கைராசி. பிறந்த வீட்டுத் தெருவில் பாதிப் பேர் என்னிடம்தான் காலை நீட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் மட்டும் ஹெச்.எம். அம்மா, "பிள்ளைங்க மேல ஊக்கு வைக்காதீங்க வடிவு, நர்ஸ் வரட்டும்" என்று சொல்லிவிட்டார். படித்தவர்களுக்குக் கைராசியின் அருமை தெரியாது.

"வலிக்கவே இல்ல" என்றாள் பிரவீணா.

நான் கேட்காமல் அவளாகச் சொன்னாள். இந்தப் பத்து மாதத்தில் இதுதான் முதல் தடவை. அதனால் குறித்து வைக்கிறேன், வேறு காரணம் இல்லை.

இவர் கடையிலிருந்து வந்து கேட்டுவிட்டுச் சிரித்தார். "நான் டயர்ல எடுக்கேன், நீ கால்ல எடுக்க. பேசாம கடையில ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்துரு வடிவு."

ஜூன் 27, செவ்வாய்

ரத்த வங்கியிலிருந்து போன். இவரை நேரில் வரச் சொன்னார்களாம். பாராட்டுப் பத்திரமாக இருக்கும்.

ஜூன் 28, புதன்

பாராட்டுப் பத்திரம் இல்லை.

இவர் ரத்தத்தில் மஞ்சள்காமாலைக் கிருமியாம். அதிலும் 'பி' வகையாம். இனி ரத்தம் கொடுக்கக் கூடாதாம். கண் மஞ்சளாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் நிறுத்தி இமையைப் பிதுக்கிப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. ஒரு மாதமாகவே அசதி அசதி என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் சோம்பேறித்தனம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எங்க இருந்து வந்ததாம்?" என்றேன்.

"ரத்தத்துல இருந்து ரத்தத்துக்குத்தான் வருமாம். சவரம் பண்ற பிளேடு, பச்சை குத்துறது, கண்ட ஊசி... பழசாக்கூட இருக்கலாம்." சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டிய சட்டையை மறுபடி எடுத்து மாட்டினார். "நீயும் ஒரு தடவை பாத்துரு வடிவு."

"எனக்கென்ன வந்தது?"

"சும்மாதான்."

எங்கள் குடும்பத்தில் காமாலை என்ற பேச்சே கிடையாது. அம்மா வயிறு வீங்கிச் செத்தாள், அது மகோதரம். அண்ணனுக்கு முப்பத்தொன்பது வயதில் கல்லீரல் போனது. சொட்டு சாராயம் தொடாதவன். அது பங்காளி வைத்த செய்வினை என்று ஊருக்கே தெரியும்.

ஜூன் 29, வியாழன்

இவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனித் தலையணை. அலமாரியின் கீழ்த் தட்டில் வைத்துவிட்டேன். காலையில் கீழாநெல்லி அரைத்து மோரில். எண்ணெய் கிடையாது, தாளிப்பு கிடையாது, காரம் கிடையாது. நூற்று இருபது பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள் நான். சுத்தம் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இவர் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார்.

ஜூலை 2, ஞாயிறு

எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் விடுவதாக இல்லை. இவர் சவரம் செய்துகொள்ளும் கடைக்கே போனேன். கடைக்காரர் அய்யாத்துரை ஒருவர் கன்னத்தில் நுரை பூசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பூசுவது நின்றது. பெஞ்சில் இருந்த நாலு பேரும் ஒரே பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள்.

"என்னக்கா, வழி மாறி வந்துட்டீங்களா?"

"பிளேடு பாக்கணும்."

"எந்த பிளேடு?"

"நீங்க எல்லா மூஞ்சியிலயும் போடுற பிளேடு."

அந்த மனிதர் கோபப்படவில்லை. நுரையோடு இருந்தவரை அப்படியே விட்டுவிட்டு, டப்பாவைத் திறந்து, ஒரு பிளேடை என் கண் முன்னால் இரண்டாக ஒடித்து, பாதியைக் கத்தியில் செருகினார். "ஒரு மூஞ்சிக்கு ஒரு பாதி. முடிஞ்சா அந்தா அந்த டின்னுல. உங்க வீட்டுக்காரருக்கும் அப்படித்தான். வேணும்னா தினமும் வந்து பாருங்க, சேர் போடுதேன்."

நுரைக்குள் இருந்தவர் சிரித்தார். ஆத்தாடி, அந்த ஆள் எங்கள் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன். கடை சுத்தமாக இருந்ததில் எனக்குப் பெரிய ஏமாற்றம்.

ஜூலை 4, செவ்வாய்

இவர் கையில் முதல் சம்சாரம் பெயரைப் பச்சை குத்தியிருக்கிறார். திருச்செந்தூர் திருவிழாவில் குத்தியதாம், கல்யாணமான புதிதில். அந்த ஊசியாகத்தான் இருக்கும் என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"அது பதினெட்டு வருசக் கதை வடிவு" என்றார். மேற்கொண்டு எதுவோ சொல்ல வந்து, தண்ணீர் குடித்தார்.

ஜூலை 8, சனி

காய்ச்சலுக்கு எங்கேயாவது ஊசி போட்டீர்களா? இல்லை. பல் பிடுங்கினீர்களா? இல்லை. யாருடைய பிரஷ்ஷாவது? சீ. ரத்தம் ஏற்றினார்களா? கொடுத்துத்தான் பழக்கம்.

பாக்கி ஒன்றுதான். அதையும் கேட்டுவிட்டேன். "வேற எங்கயாவது போக்குவரத்து உண்டா?"

இவர் பாயில் எழுந்து உட்கார்ந்தார். "பஞ்சர் கடைக்காரனை எவ தேடி வருவா? ஆணி குத்துனவதான் வருவா." பிறகு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிரவீணா புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

ஜூலை 10, திங்கள்

பூக்கார மாரிக்கனி வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் கடை போடுகிறவள். முழம் போட்டுக்கொண்டே சொல்கிறாள்: "ஒங்க வீட்டுக்காரருக்கு ஒடம்பு எப்படி இருக்கு? வியாழக்கிழமை ஆனா வந்துருதாரே. ஒரு பொண்ணு, கைப்பை போட்டுக்கிட்டு, செவப்பா... வேப்ப மரத்தடியில நின்னு அப்படிப் பேசுதாங்க. போன வாரம் இவரு கண்ணைத் தொடைச்சாரு."

வியாழக்கிழமை டயர் வாங்க மதுரை போவதாக அல்லவா என்னிடம் சொல்கிறார்!

பூ வாங்கினேன். வைத்துக்கொள்ளவில்லை.

ஜூலை 13, வியாழன்

அரை நாள் லீவு. கல்யாணப் புடவை கட்டிக்கொண்டு போனேன். ஏன் அந்தப் புடவை என்று கேட்டால் எனக்கே தெரியாது. செத்தாலும் ஜெயித்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று தோன்றியது.

வேப்ப மரத்தடியில் இரண்டு பேரும் நின்றார்கள். நேராகப் போய் நடுவில் நின்றேன். இவர் முகம் செத்துவிட்டது. அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்கதானா வடிவு அக்கா? அப்பாடா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் ரெக்ஸ்லின். இங்க நோயாளிங்களுக்கு ஆலோசனை சொல்லுத கவுன்சிலர். ரெண்டு வாரமா ஒங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லுதேன். இந்த மனுசன், 'இன்னைக்குச் சொல்லுதேன், நாளைக்குச் சொல்லுதேன்'னு வாராவாரம் வந்து என்கிட்ட அழுதுட்டுப் போறாரு."

"என்னத்தைச் சொல்லணும்?"

இவர் வேப்பமரத்தைப் பார்த்தார். நான் வாய்க்குள் வைத்திருந்த வசவுகளையெல்லாம் விழுங்கிக்கொண்டு அவள் பின்னால் அறைக்குப் போனேன்.

அந்தப் பெண் நிறையக் கேட்டாள். இவரிடம் நான் கேட்ட அதே கேள்விகள், அதே வரிசை. கடைசிக் கேள்வி என்னைக் கேட்க எவளுக்கும் தைரியம் வந்ததில்லை. அவள் சாதாரணமாகக் கேட்டாள். நானும் பதில் சொன்னேன். இதில் எழுத வேண்டியதில்லை.

"ஒங்க அம்மா வீட்டுல யாருக்கும் காமாலை, கல்லீரல் வியாதி?"

"கிடையாது. அம்மாவுக்கு மகோதரம். அண்ணனுக்குச் செய்வினை."

அவள் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு ரத்தம் எடுக்க அனுப்பினாள்.

ஜூலை 15, சனி

இருக்கிறது.

ஜூலை 16, ஞாயிறு

சோறு குழைந்துவிட்டது.

ஜூலை 17, திங்கள்

டாக்டர் சொன்னதை எழுதிவிடுகிறேன், மறந்துவிடக் கூடாது.

எனக்கு இது புதிதாக வந்ததில்லை. வெகு காலமாக உள்ளேயே இருக்கிறது. அம்மாவுக்கு இருந்து, பிறக்கும்போதே அண்ணனுக்கும் எனக்கும் வந்திருக்கலாம். வெளியே காட்டாமல் இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் பண்ணியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கல்லீரலைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆயுசுக்கும். பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் தானே போய்விடுமாம். அதனால் இவருக்குப் போய்விடலாம். இவருக்குப் போன வருஷம் ஜூன் வரை சுத்தம். வருஷா வருஷம் ரத்தம் கொடுத்தவர், ஒவ்வொரு தடவையும் சோதித்துத்தான் எடுத்திருக்கிறார்கள்.

போன வருஷம் ஜூன் வரை சுத்தம். ஆவணியில் கல்யாணம். இதற்குக் கணக்கு வாத்தியார் வேண்டாம்.

வீட்டுக்கு வந்து, "முதல் நாளே தெரியுமா ஒங்களுக்கு?" என்றேன்.

"அப்படித்தான் இருக்கும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு."

"அப்புறம் ஏன் பிளேடு, பச்சைன்னு அளந்தீங்க? நான் சலூன்ல போயி நின்னேனே! ஒங்க கையைப் பிடிச்சு, எவகிட்டப் போனீங்கன்னு கேட்டேனே!"

"கேட்ட."

"அந்தத் தட்டுல, உப்பில்லாம உறைப்பில்லாம வச்சதையெல்லாம் பேசாமத் தின்னீங்களே!"

"நீ வச்ச. தின்னேன்." பிறகு சொன்னார்: "நாப்பத்தோரு வயசு வரைக்கும் ஒருத்தரும் ஒன்னைத் தேடி வரல. வந்து பத்து மாசத்துல நான் போயி, 'ஒன்னாலதான்'னு எப்படிச் சொல்லுவேன் வடிவு?"

நான் அழுதேன். எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். அழுதேன்.

என் தட்டையும் எடுத்துக் கீழ்த் தட்டில் இவர் தட்டோடு வைத்தேன்.

ஜூலை 18, செவ்வாய்

நேற்று ஒன்றை எழுதவில்லை. கிளம்பும்போது ரெக்ஸ்லின் சொன்னாள்: "சேந்து சாப்பிடலாம், சமைக்கலாம், கட்டிப் பிடிக்கலாம், அதுல எல்லாம் வராது. பிளேடு, பிரஷ், நகவெட்டி, ஊக்கு, இந்த மாதிரி ரத்தம் படுற சாமான் மட்டும் ஆளுக்கு ஒண்ணா வச்சுக்கோங்க. அந்தக் கிருமி காஞ்ச ரத்தத்துலகூட ஒரு வாரம் உசுரோட கெடக்கும்."

ஊக்கு என்றபோது அவள் என் தாலிக்கொடியைப் பார்க்கவில்லை. அவள் பாட்டுக்குத்தான் சொன்னாள். என் கை தானாகப் போய் அதை மூடிக்கொண்டது.

இந்த டைரியில் ஜூன் 22 எடுத்துப் பார்த்தேன். முதலில் என் கால். பிறகு அவள் கால். நடுவில் முந்தானையில் ஒரு துடை.

ஜூலை 19, புதன்

சாம்பாருக்கு முருங்கைக்காய். பிள்ளைகளுக்கு முட்டை. வெயில் அதிகம். பிரவீணாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 20, வியாழன்

பருப்பு சரியாக வேகவில்லை. தண்ணீர் லாரி வரவில்லை. சொல்லவில்லை. பயமாக இருக்கிறது.

ஜூலை 21, வெள்ளி

சொல்லிவிட்டேன். அவள் பயாலஜி படித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தை மூடாமலே கேட்டாள்.

"அன்னைக்கு ஒங்க கால்ல ரத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"எங் கால்ல?"

"கொஞ்சம்."

"ஊக்கைக் கழுவுனீங்களா?"

"தொடைச்சேன்."

"தொடைச்சீங்க" என்றாள். அவ்வளவுதான். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கை கழுவச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் நிற்க முடியவில்லை. இவர் ஏதோ சொல்ல வந்தார். "நீங்க சும்மா இருங்கப்பா" என்று எழுந்து போய்விட்டாள்.

ஊக்கைக் கழற்றிவிட்டேன். கழுத்து லேசாக இருக்கிறது. நன்றாக இல்லை.

ஜூலை 24, திங்கள்

மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிரவீணா சின்ன வயதில் தடுப்பூசி போட்ட அட்டை எங்கே என்று கேட்டார்கள். அவள் அம்மா பெட்டியோடு கரையான் தின்றுவிட்டது. ரத்தம் எடுத்தார்கள். இப்போது ஒன்றும் தெரியவில்லையாம். ஆனால் ஒட்டியிருந்தாலும் உடனே காட்டாதாம். முதல் தடுப்பூசி போட்டு, அக்டோபரில் மறுபடி பார்க்கலாம் என்றார்கள். தட்டு, டம்ளர் பற்றி அவளே ரெக்ஸ்லினிடம் நாலு தடவை திருப்பித் திருப்பிக் கேட்டாள். என்னிடம் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கீழ்த் தட்டில் இருந்த எங்கள் தட்டு, டம்ளரை எல்லாம் எடுத்து, மேலே அவள் தட்டோடு சேர்த்து அடுக்கினாள். அடுக்கிய சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"எதுக்கு ரெண்டு வரிசை? எடம் அடைக்குது" என்று சுவரிடம் சொன்னாள்.

ஜூலை 26, புதன்

ஹெச்.எம். அம்மாவிடம் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன். அவர் அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, "சமையல்ல வராதாம் வடிவு, போய் உலையை வைங்க" என்றார். பிறகு, "நல்லவேளை, அந்த ஊக்கை..." என்று நிறுத்திக்கொண்டார். அவர் சொன்னது சரியாகப் போனதில் எனக்கு இப்போதும் எரிச்சல்தான்.

பிறந்த வீட்டுத் தெருவுக்கும் ஞாயிறு போய், காலை நீட்டிய ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். அண்ணி கதவைத் திறப்பாளா என்று தெரியவில்லை. அண்ணன் பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 24, வியாழன்

பிரவீணாவுக்கு இரண்டாவது ஊசி. கூட வரட்டுமா என்றேன். "அப்பா வாராங்க" என்றாள்.

செப்டம்பர் 9, சனி

கல்யாணமாகி வருஷம் ஒன்று ஆகிவிட்டது. இவர் அல்வா வாங்கி வந்தார். பிரவீணாவும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். பேச்சு இல்லை.

அக்டோபர் எப்போது வரும் என்று இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒட்டியிருந்தால் நான் இந்த வீட்டில் எந்த முகத்தோடு உலை வைப்பேன்? அவள் அம்மா ரத்தம் இல்லாமல் செத்தாள். நான் ரத்தத்தில் இதைக் கொடுத்தேன் என்றாகிவிடும்.

அக்டோபர் 25, புதன்

பிரவீணாவுக்கு இல்லை. இவருக்கும் போய்விட்டதாம். ரெக்ஸ்லின் போனில் சொன்னாள். இரண்டு தடவை சொல்லச் சொன்னேன். மூன்றாவது தடவை கேட்டதற்கு, "அக்கா, வேலை இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

பிள்ளைகளுக்கு இன்று ஆளுக்குக் கொஞ்சம் சர்க்கரைப் பொங்கல், என் செலவில். என்ன விசேஷம் என்று ஹெச்.எம். கேட்டார். அரிசி மிஞ்சிவிட்டது என்றேன்.

நவம்பர் 5, ஞாயிறு

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பின்வாசல் பக்கம், "சித்தி" என்று யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். நான் பாட்டுக்கு நறுக்கினேன்.

"சித்தி! ஒங்களைத்தான்!"

போய்ப் பார்த்தால் பிரவீணா ஒற்றைக் காலில் நிற்கிறாள். மறு காலைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். மறுபடியும் அந்தக் காலி மனை, அதே கருவேலம்.

"வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன்.

"ஒரு முள்ளுக்கா?" பாவாடைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். புது ஊக்கு அட்டை, ஒன்றுகூட எடுக்காதது. "சோப்புப் போட்டுக் கையைக் கழுவிட்டு வாங்க. இதுல ஒண்ணு எடுத்துக் கொதிக்கிற தண்ணியில போடுங்க. எடுத்து முடிச்சதும் தூரப் போட்டுரணும். ஒரு முள்ளுக்கு ஒரு ஊக்கு."

"ஒங்கப்பாவை எடுக்கச் சொல்லேன்."

"அப்பா டயர்ல எடுக்கிறதுக்குத்தான் லாயக்கு. சீக்கிரம், கால் கடுக்குது."

கழுவினேன். இரண்டு தடவை கழுவினேன். படியில் உட்கார்ந்து அவள் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டேன். முதல் தடவை வழுக்கியது, இரண்டாவது தடவையும் வழுக்கியது. மூன்றாவதில் வந்தது.

"வலிச்சுதா?"

"வலிச்சுது" என்றாள். "முன்ன மாதிரி இல்ல. நாலு தடவை எடுத்தா சரியாப் போயிரும்."

ஊக்கை மடக்கி டப்பாவில் போட்டு மூடினேன். மிச்ச அட்டையை அவள் உள்ளே கொண்டுபோய், பின்வாசல் நிலையில் கைக்கு எட்டும் உயரத்தில் ஓர் ஆணி அடித்து மாட்டினாள்.